ஏரியில் ஊற்றிய மருந்து

வெண்ணந்தூர்ப் பக்கம் எங்கள் ஏரி. அன்று மடையில் இருந்தவர்கள்: மடை திறக்கிற நான். என் மனைவி. மடைக்குக் கீழே பருத்தி போட்ட வயல்காரர். மீன் ஏலம் எடுத்த அண்ணன். வேறு யாருமில்லை.

ஏரிக்குள் கருவேல மரங்கள். கொக்கும் நாரையும் வருஷம் தவறாமல் கூடு கட்டும். எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம். பறவை போனால் அதுவும் போகும்.

அந்த வருஷம் கூடுகளில் குஞ்சுச் சத்தமே இல்லை. மரத்தடியில் உடைந்த முட்டைகள் மிதந்தன. ஒன்றை எடுத்தேன். வெங்காயத் தோல் மாதிரி ஓடு. விரல் பட்டதும் நொறுங்கியது. செத்த கெண்டையைத் தின்ற நாரை ஒன்று கரையில் துடித்து அடங்கியது.

"எவனோ வெசம் வெச்சிருக்கறானுங்க" என்றார் மீன்கார அண்ணன்.

நான் சொல்ல வேண்டியிருந்தது. வயல்காரர் பூச்சிக்கு அடித்து மிஞ்சியதைத் தகரத்தோடு என்னிடம்தான் தருவார். வீணாய்க் கொட்ட எனக்கு மனம் வராது. மருந்துதானே, மீனுக்கும் பறவைக்கும் நோய் வராது என்று ஏரியில் ஊற்றினேன். மூன்று வருஷமாக.

"நாந்தானுங்க ஊத்துனேன்" என்றேன்.

"மருந்து எப்படிப்பா கொல்லும்?" என்றார் வயல்காரர்.

என் மனைவி தகரத்தை அவர் முன் வைத்தாள். "மருந்துதானுங்களே, ஒரு மொடக்குக் குடிங்க பாக்கலாம்."

அண்ணன் மட்டும் சிரித்தார்.

"இனி ஏரியில ஊத்தவும் மாட்டேன், தகரம் கழுவவும் உட மாட்டேனுங்க. மீறுனா மடை தொறக்க மாட்டேன்" என்றேன்.

"மடை என்ன உங்கப்பன் ஊட்டுச் சொத்தா?"

"ஊர்ச் சொத்துங்க. அதனாலதான் சொல்றேன்."

வயல்காரர் தகரத்தை எடுத்துக்கொண்டு போனார். ஏரிக்கு எட்டத்தில், தன் மேட்டு நிலத்தில் குழி வெட்டிப் புதைத்தார். அதன் பின் நாங்கள் நாலு பேரும் அதை மருந்து என்று சொன்னதில்லை. வெசம் என்றே சொன்னோம். ஊரும் அப்படியே பழகிக்கொண்டது.

அடுத்த வருஷம் பறவைகள் குறைவாகவே வந்தன. அதற்கடுத்த வருஷமும் அப்படித்தான். நாலாம் வருஷம் மரமெல்லாம் சத்தம். அண்ணனின் பரிசலில் போனேன். எனக்கு எழுத்து அதிகம் வராது. எண்ண வரும். ஒரு குஞ்சுக்கு ஒரு கூழாங்கல் மடியில் போட்டேன். கரையில் கொட்டி, வயல்காரரையே எண்ணச் சொன்னேன். இரண்டு முறை எண்ணினார்.

நூற்றுப் பதினேழு.