பற்றிமாவின் புளி அப்பிள்

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில் நியாயம் கெட்ட மனிதர் யாரென்று கேட்டால், பற்றிமாவுக்கு வீடு வாடகைக்கு விட்ட கெனூட்ஸனைத்தான் முதலில் சொல்வேன். மரியாதையாகக் கதைப்பார், தொப்பியைக் கழற்றிச் சிரிப்பார். அதைப் பார்க்க எனக்கு எரிச்சல் இன்னும் கூடும்.

பற்றிமா மன்னார்க்காரி. மீன் தொழிற்சாலையில் வேலை. அவள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்னால் ஒரு கிழட்டு அப்பிள் மரம் நின்றது. 1985 ஆடி மாதம் அதில் ஒரு பச்சைக் காயைக் கடித்தவள், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சிரித்தாளாம். அசல் மாங்காய்ப் புளிப்பு! இந்த ஊரில் மாங்காய்க்கு எங்கே போவது? உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்றாள், மீன் குழம்பில் போட்டாள். செய்தி பரவியது. ஞாயிறு பூசை முடிந்ததும் தமிழ்ச் சனம் பையோடு வந்து நின்றது. ஆவணி முடிவதற்குள் ஒரு காய்கூட மிஞ்சவில்லை.

புரட்டாதியில் வந்த கெனூட்ஸன் மரத்தை அண்ணாந்து பார்த்தார். காய்க்காத மரம், மாரியில் வெட்டிவிட்டுக் கார் நிறுத்த இடம் எடுக்கப்போகிறேன் என்றார். காயெல்லாம் எங்கள் வயிற்றுக்குள் போன கதையைப் பற்றிமா அரைகுறை டேனிஷில் சொன்னாள். பழுக்காத அப்பிளை மனிதர் தின்பார்களா என்று அவர் சிரித்தார். பொய்க்காரி என்று வாய்விட்டுச் சொல்லாததுதான் குறை.

தொழிற்சாலையில் அவளோடு வேலை செய்த டேனிஷ்காரி கியர்ஸ்டன் இதைக் கேட்டுக் கொதித்துவிட்டாள். அந்தப் பழைய இனத்தைக் கடையிலும் விற்பதில்லை, கன்று விற்பவர்களும் கைவிட்டுவிட்டார்கள், இந்த மரமும் போனால் பிறகு தேடினாலும் கிடைக்காது என்றாள். கடையில் ஒரே அளவில், ஒரே நிறத்தில் அடுக்கிவைத்த அந்தச் சப்பென்ற இனிப்பையா இதை வெட்டிவிட்டுத் தின்பது?

பற்றிமா கெனூட்ஸனிடம் ஒரு வருடம் தவணை கேட்டுக் கெஞ்சினாள். அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பாமல் அவள் கொப்புகளை வெட்டி, முருங்கை நடுகிற மாதிரி வாளி மண்ணில் ஊன்றி, நுனியில் சாணமும் அப்பி வைத்தாள். எல்லாம் அழுகிப்போயின. கியர்ஸ்டன் வந்து வயிறு நோகச் சிரித்துவிட்டு, வேறு அப்பிள் கன்றுகளில் ஒட்டுக்கட்டச் சொல்லிக்கொடுத்தாள். மூன்று பிழைத்தன.

அடுத்த ஆடியில் பையோடு வந்த எங்களை வாசலிலேயே மறித்தாள்.

"ஒருத்தரும் கை வைக்கக்கூடாது. நீங்கள் திண்டுபோட்டுப் போயிடுவியள், கோடாலி மரத்துக்கெல்லோ!"

"ஒரு காய்தானே, அக்கா?" என்று எங்களோடு வந்த சிவானந்தன் இழுத்தான்.

"ஓம், போன வருசமும் ஒரு காய் ஒரு காய் எண்டுதான் முடிஞ்சது. போடா!"

புரட்டாதியில் மரம் சிவந்து தொங்கியது. கெனூட்ஸன் வந்து ஒன்றைக் கடித்தார். வெட்டமாட்டேன் என்றார். மறுநாள் ஏணியும் கூடைகளும் கொண்டுவந்து அத்தனையையும் பறித்துக் காரில் ஏற்றினார். வாயைக் கட்டி அவள் காத்த பழம்! போகும்போது ஒன்றைத் துடைத்து அவள் கையில் வைத்தார்.

"சாப்பிட்டுப் பாருங்கள். பழைய இனம். கடையில் கிடைக்காது."

நானென்றால் அதை அவர் முகத்திலேயே எறிந்திருப்பேன். பற்றிமா நன்றி சொல்லிக் கதவைச் சாத்தினாள். அந்த ஞாயிறே ஒட்டுக்கட்டிய மூன்று கன்றுகளையும் என் காரில் ஏற்றி, கியர்ஸ்டனின் சொந்த வளவுக்குக் கொண்டுபோய் நட்டாள்.

"ஒண்டையாவது உன்ர வீட்டுப் பின்பக்கம் வைச்சிருக்கலாமே?" என்று கேட்டேன்.

கையிலிருந்த மண்ணைத் தட்டினாள்.

"அங்கை வைச்சா அதுவும் அவன்ர மரமாப் போயிடும், அண்ணை."