இரண்டு கட்டங்களில் என் பெயர்

ஹோட்டல் ஊழியர் அறைச் சுவரில் ஷிப்ட் பட்டியல் ஒட்டியிருந்தது. கிறிஸ்துமஸ் அன்று காலை, மாலை இரண்டு கட்டங்களிலும் என் பெயர் இருந்தது. படிப்பு முடித்து விமான் நகரில் உள்ள இந்த ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. நிரந்தரமாக்குவார்களா என்று ஜனவரியில்தான் தெரியும். அதனால் மேனேஜரிடம் எதுவும் கேட்கவில்லை.

இதே நகரின் இன்னொரு பகுதியான கட்கியில், எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவிலும் இப்படி ஒரு பட்டியல் தொங்கியது. அப்பா அங்கிருந்த ஒரு தொழிற்சாலையின் தீயணைப்புப் பிரிவில் வேலை பார்த்தார். கிறிஸ்துமஸ் காலையில் சீருடைப் பொத்தான்களைப் போட்டபடி, "மத்தியானம் வந்துருதேன்" என்பார். ஆராதனை முடிந்து வந்து, கோழிக்குழம்பின் மணத்தோடு நாங்கள் உட்கார்ந்திருப்போம். அவர் வராமல் சாப்பிட அம்மா விடமாட்டாள். நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம் தம்பி பசியில் அழுதான். நான்கு மணிக்கு அம்மா பரிமாறினாள். இருட்டிய பிறகு வந்த அப்பா, கழுவிக் கவிழ்த்திருந்த தட்டுகளைப் பார்த்தார்.

"சாப்பிட்டாச்சா? நல்லது."

குழம்பைச் சூடாக்கச் சொல்லாமல் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். அடுத்த வருடமும் "மத்தியானம் வந்துருதேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

பட்டியலின் முன் நின்றிருந்தபோது அம்மா போன் செய்தாள்.

"கிறிஸ்துமஸுக்கு வருவேல்லா?"

"மத்தியானம் வந்துருதேன்மா."

போன் கைமாறியது. அப்பா ஓய்வுபெற்று வீட்டில்தான் இருக்கிறார்.

"ரெண்டு ஷிப்டா?" என்றார்.

"ஆமாப்பா."

"அப்ப வரமுடியாதுன்னே சொல்லிரு. இல்லன்னா சாப்பிடாம காத்துக் கிடப்பா."

போனை அம்மாவிடம் கொடுத்தார். நான் மறுபடியும் "வந்துருதேன்" என்றுதான் சொன்னேன்.