இரண்டு தபா மோர்

எங்கள் தெருவில் குழந்தைக் கணக்கெடுக்க வந்த அம்மாள், உட்கார்ந்த பிறகும் குடையை அக்குளிலிருந்து எடுக்கவில்லை.

"இன்னும் எத்தினி கொழந்த வேணும்மா?" என்று கேட்டார்.

பக்கத்தில் மாமியார் இருந்தார். "ரெண்டு மூணு வேணுங்க" என்றேன்.

மோர் கேட்டு மாமியாரை உள்ளே அனுப்பிவிட்டு, அதே கேள்வியை மெதுவாகக் கேட்டார்.

மடியிலிருந்த மகளைக் காட்டி, "இவ ஒருத்தியே போதுங்க" என்றேன். "அத்தைகிட்ட சொல்லிடாதீங்க."

"சேச்சே" என்று கண்ணைச் சிமிட்டினார்.

மாமியார் கொண்டுவந்த மோரைக் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் கெடைக்குமா? இந்த தபா நீ போம்மா" என்றார்.

நான் மோரோடு திரும்பியபோது மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அவர் அடுத்த குழந்தைப் பேச்சையே எடுக்கவில்லை. அந்த அம்மாள் என்னைக் காட்டிக்கொடுத்தாரா, அல்லது தனியாகக் கேட்டதும் மாமியாரும் என் பதிலைத்தான் சொன்னாரா? மாமியாரிடம் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.