பச்சமுத்துவின் முதல் சொல்

பச்சமுத்துவின் விரல்கள் சும்மா இருக்காது. யார் எதைச் சொன்னாலும், அது காதில் முழுதாய் விழும் முன்பே அவருடைய கட்டைவிரல் மற்ற விரல்களைத் தொட்டு எழுத்து எண்ணிவிடும். நான்கு வந்தால் முகம் மலரும். மூன்றோ ஐந்தோ வந்தால் சொன்னவர் மேலேயே ஒரு சின்ன மனத்தாங்கல்.

மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டர் ஓட்டுகிறார். ஆலை வாசலில் வண்டி வரிசையில் நின்ற ஒரு மதியத்தில் பக்கத்து வண்டி சிவசங்கர் அவருடைய செல்போனில் அந்த விளையாட்டை ஏற்றிக் கொடுத்தான். தினமும் காலை ஆறு மணிக்கு நான்கெழுத்தில் ஒரு புதுச் சொல் வரும். ஆறு முயற்சிக்குள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். நாம் போடும் எழுத்து சரியான இடத்தில் இருந்தால் கட்டம் பச்சையாகும். எழுத்து உண்டு, இடம் தவறு என்றால் மஞ்சள். இல்லவே இல்லை என்றால் சாம்பல்.

பரிசு ஏதும் கிடையாது. ஆனால் எல்லாருக்கும் ஒரே சொல். பள்ளிக்கூடத்தில் பச்சமுத்து கடைசி பெஞ்சுக்காரர். சொற்கள் திட்டவும் பேரம் பேசவும்தான் ஆகும் என்று இருந்தவருக்கு, அவற்றைப் பிரித்துப் போட்டுப் பூட்டவும் செய்யலாம் என்பது நட்டு போல்ட்டு கழற்றும் சுகத்தைக் கொடுத்தது. நான்கு கட்டமும் பச்சையாகும் நொடியில் உள்ளங்கால் வரை சிலிர்க்கும்.

அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. எந்த நாளானாலும் முதலில் போடுவது 'கரும்பு'. கரும்பு ஓட்டுகிறவன் வேறெதைப் போட்டுத் தொடங்குவான்?

"மாமா, ஆலைக்குத்தான் கரும்பு. அந்த ஆட்டத்துக்குமா லோடு அடிக்கிற?" என்பான் சிவசங்கர்.

"ஒரு நாளைக்கி வரும்டா. அன்னிக்கி ஒரே போடு. நீ வாயப் பொளந்துக்கினு நிப்ப."

வரவில்லை. ஆனால் வேறு சில தொல்லைகள் வந்தன. ஆலை வரிசையில் ஒரு நடைமுறை உண்டு. முன் வண்டி நகர்ந்தும் நீங்கள் நகராவிட்டால் பின்னால் இருப்பவர் ஒரே ஒரு ஹாரன் அடிப்பார், அப்புறம் ஒதுங்கி முந்திப் போய்விடுவார். சண்டை போட முடியாது. கடைசி முயற்சியில் பச்சமுத்து வானத்தைப் பார்த்து யோசித்துக்கொண்டிருக்க, டிராக்டர்கள் ஒவ்வொன்றாக அவரைக் கடந்து போன நாட்கள் உண்டு. வீட்டில் அவருடைய மனைவி அருள்மொழி கள்ளக்குறிச்சிக்குத் துணி எடுக்கப் போகப் புதுப்புடவை கட்டி உட்கார்ந்திருந்து, இருட்டியதும் அவிழ்த்து மடித்து வைப்பாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது வடக்கனந்தலில் அவளுடைய பெரியப்பா சாவு வீட்டில் நடந்தது. பெரியம்மா அழுதுகொண்டே, "மாரடைப்புனு சொல்லிட்டாங்களே!" என்றாள். எதிரில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்த பச்சமுத்துவின் கட்டைவிரல் நகர்ந்தது. மா, ர, டை, ப், பு. ஐந்து. உதட்டைப் பிதுக்கினார்.

அருள்மொழி பார்த்துவிட்டாள்.

திரும்பும் வழியில் பைக்கின் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. "யோவ், செத்த வூட்டுல இன்னாயா எண்ணிக்கினு இருந்த?"

"ஒண்ணும் இல்லியே."

"வெரலு அஞ்சுல நின்னதும் உன் மூஞ்சி போன போக்கப் பாத்தேன். கேட்டுக்க. பொங்கலுக்குள்ள ஒரு தபா, ஒரே போடுல கண்டுபுடிச்சிடு. நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லன்னா பொங்கலன்னிக்கி உன் கையாலயே அத அழிச்சிடணும். சம்மதமா?"

"சம்மதம்" என்றார். கரும்பு கைவிடாது என்ற நம்பிக்கை.

மார்கழி முழுக்கக் கைவிட்டது. பொங்கல் விடிந்தது. கடைசி வாய்ப்பு. வாசலில் கோலம் போட்டு, அடுப்பு மூட்டி, இரண்டு பக்கமும் கரும்பைச் சாய்த்துக் கட்டிவிட்டு, நடுவே பானையை வைத்தாள் அருள்மொழி. அந்தக் கரும்பில் ஒன்றின் மேல் சாய்ந்தபடி பச்சமுத்து செல்போனைத் திறந்தார். வழக்கப்படி விரல் 'க'வுக்குப் போனது. நின்றது.

பொங்கல் நாளில் சொல் வைப்பவர் வேறு எதை வைப்பார்? பொ, ங், க, ல். நான்கு! தன் மூளையை எண்ணிச் சிரிப்பே வந்துவிட்டது. இத்தனை நாள் கும்பிட்ட கரும்பை விட்டுவிட்டு, 'பொங்கல்' என்று போட்டார்.

'க' மட்டும் மஞ்சள். மற்றவை சாம்பல்.

ஒரே போடு போயிற்று. இரண்டாவதாகக் 'கழுத்து' போட்டார். முதல் கட்டம் பச்சை. அதுவாக இருக்காது என்று 'கரண்டி' போட்டார். நிச்சயமாக அதுவாக இருக்காது என்று 'கருப்பு' போட்டார். மூன்று கட்டம் பச்சை, மூன்றாவது மட்டும் சாம்பல். தோளில் உறுத்திக்கொண்டிருந்ததைத் திரும்பிப் பார்த்தார். ஐந்தாவதாக அதையே போட்டார். நான்கும் பச்சை.

"அய்யோ!" என்று அலறினார்.

அதே நேரத்தில் அடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு அலறல். "அய்யய்யோ! யோவ், இங்க வாயா! ஒரே போடு!"

அருள்மொழி தன் செல்போனை உயர்த்திக் குதித்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒரே வரி, நான்கும் பச்சை.

"நீ எப்பத்துலேந்து?"

"நேத்துதான் ஏத்துனேன். இதுல அப்டி இன்னாதான் இருக்குதுனு பாக்கலாம்னு. மொதல்ல இன்னா போடறதுனே தெரில. நீதான் தெனம் கரும்பு கரும்புனு கெடப்பியே, அதப் போட்டேன். ஆமா, உனக்கு?"

தீய்ந்த வாசனை வந்தது. பானை எப்போதோ பொங்கி, பால் வழிந்து, பாதி அடுப்பை அணைத்திருந்தது. இருவரும் பதறி அடுப்புப் பக்கம் திரும்பி, "பொங்கலோ பொங்கல்!" என்று காலம் கடந்து கத்தினார்கள். முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. அருள்மொழி சிரித்துச் சிரித்துக் கோலத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சரி, அழிச்சிடு" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"என் வார்த்தய வச்சித்தான நீ ஜெயிச்ச?"

"வார்த்த உன்னுது. போட்டது யாரு?"

பேச்சு பேச்சுதான். பச்சமுத்து தன் கையாலேயே அழித்தார். திரையில் அது இருந்த இடம் பிடுங்கிய பல்லின் பள்ளம் போல இருந்தது.

பொங்கல் முடிந்து ஆலை திறந்த அன்று, வரிசையில் நின்றபடி வீட்டுக்கு போன் செய்தார்.

"அருளு, இன்னிக்கி இன்னா..."

"யோவ், இப்பப் பேசாத! அஞ்சாவது போடுல நிக்கிறேன்" என்று அவள் வைத்துவிட்டாள்.

பின்னால் ஹாரன் ஒலித்தது. பச்சமுத்து உடனே கியரைப் போட்டார்.