மேலத்தெருவை அழித்தவன்

கல்லூரி இரண்டாம் ஆண்டில் திருநகரில் எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது. என் நண்பனிடம் பொறுமை இருந்தது. நாங்கள் வாங்கிவந்த பைக் ரேஸ் கேம் சிடியில், அந்தக் கம்பெனிக்காரனே இன்னொரு மென்பொருளையும் சேர்த்துக் கொடுத்திருந்தான். விளையாடுகிறவர்களே ரோடு போட்டு, வீடு, மரமெல்லாம் வைத்து ஓட்டிக்கொள்ளலாம். நன்றாக இருந்தால் அனுப்புங்கள், எங்கள் இணையதளத்தில் போடுகிறோம் என்றும் எழுதியிருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

நண்பன் திருவாதவூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஞாயிறுதோறும் பஸ் ஏறி வருவான். மூன்று மாதம் உட்கார்ந்து தன் ஊரையே கட்டினான். அவர்களுடைய காலனி, கம்மாய், கருவேல மரங்கள், ஊருக்கு நடுவே மேலத்தெரு. ரேஸ் காலனியில் தொடங்கி, மேலத்தெருவுக்குள் புகுந்து, மெயின் ரோட்டில் முடியும். அந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் வாசற்படி வைத்தான்.

"எவன் மாப்ள படியப் பாத்துக்கிட்டு பைக் ஓட்டுவான்?" என்று கேலி செய்வேன். சிரித்துக்கொண்டே அடுத்த படியை வைப்பான். நானும் துருவிக் கேட்டதில்லை.

தெருவோ படு குறுகல். வண்டி முட்டிக்கொண்டே இருந்தது. இதை அனுப்பினால் எவன் சீண்டுவான்? அவன் வராத ஒரு நாளில் மேலத்தெருவை மொத்தமாக அழித்துவிட்டு, ரோட்டைக் கம்மாக்கரை வழியாகத் திருப்பினேன். அதே பெயரில் சேவ் செய்தேன். பழையதை ஒரு நகல் எடுத்து வைப்போம் என்றுகூடத் தோன்றவில்லை. பெரிய மேதாவி!

அடுத்த ஞாயிறு அவன் தன் அப்பாவையும் கூட்டி வந்துவிட்டான். அவர் சலவை வேட்டியில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "அம்புட்டும் நம்ம ஊரு மாதிரியே இருக்கேய்யா!" என்று வியந்தார்.

"இந்தா வண்டிய எடுத்துட்டேன்ப்பா. இப்ப நேரா மேலத்தெருவுக்குள்ள போறேன், பாருங்க."

வண்டி கம்மாக்கரைக்குத் திரும்பியது. அவன் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

அப்பாதான் சிரித்தார். "நெசத்துலதான் நம்ம ஆளுக அந்தத் தெருவுல சைக்கிள விட்டு எறங்கி உருட்டிக்கிட்டுப் போகணும், இல்லேன்னா கம்மாக்கரையச் சுத்தணும். இந்தப் பெட்டிக்குள்ளயும் சுத்தித்தான் போகணுமா?"

எனக்குச் சுரீரென்றது. அப்பாவின் கண்ணெதிரே ஒரு தடவையாவது, வண்டியிலிருந்து இறங்காமல் அந்த வாசற்படிகளையெல்லாம் தாண்டிப் போகத்தான் அவன் இத்தனை ஞாயிறும் பஸ் ஏறி வந்திருக்கிறான்.

"நாந்தான்ப்பா, தப்பாப் போட்டுட்டேன்" என்றான் அவன்.

அவர் மகனின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். மானங்கெட்டவன் நான், அழித்தது நான்தான் என்று சொல்லாமல், காபி கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.