ஸ்லோவில் நிற்காத வண்டியில் செக்கானூரணிக்கு

காலை 7.31. ஆனையூரில் எங்கள் வீட்டிலிருந்து செக்கானூரணிக்கு இருபத்து நான்கு கிலோமீட்டர். சாதாரண நாளில் ஐம்பது நிமிஷம் ஆகும். செக்கானூரணியை ஒட்டிய ஒரு பள்ளியில் என் மனைவி செல்விக்கு அரசு வேலைக்கான தேர்வு. ஒன்பது மணிக்கு வாசல் கதவைப் பூட்டிவிடுவார்கள் என்று ஹால் டிக்கெட்டில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. ஏற்கெனவே மூன்று முறை எழுதி, கடைசியாக நான்கு மதிப்பெண்ணில் விட்டவள். அடுத்த தேர்வு வருவதற்குள் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இதுதான் கடைசி வாய்ப்பு என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஆறேகாலுக்கே அவள் கிளம்பி வாசலில் நின்றாள். நான்தான் காலண்டரைக் காட்டி நிறுத்தினேன். சனிக்கிழமை காலை ஆறிலிருந்து ஏழரை வரை குளிகை. அந்த நேரத்தில் தொடங்கியது திரும்பத் திரும்ப நடக்கும் என்பார்கள். நகை வாங்கப் போகலாம், நான்காவது தடவை பரீட்சைக்குப் போகலாமா? ஏழரை தாண்டி ஒரு நிமிஷம் ஆனதும் பெரிய சாமர்த்தியசாலி போல வண்டியை உதைத்தேன்.

7.40. கூடல்நகர் பக்கம் முதல் வேகத்தடை. ஆக்சிலேட்டரை விட்டதும் வண்டி அணைந்தது. உதைத்தால் எடுக்கிறது, முறுக்கிப் பிடித்தால் ஓடுகிறது, கையைத் தளர்த்தினால் மூச்சை விடுகிறது. சோக்கை இழுத்தால் மட்டும் கொஞ்ச நேரம் அணையாமல் தள்ளாடியது. பதினெட்டு வருஷத்துப் பழைய வண்டி. அரப்பாளையம் வருவதற்குள் ஏழு தடவை உதைத்திருப்பேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தே எங்களை ஓரங்கட்டினார்கள்.

8.02. காளவாசல். வண்டியைத் தள்ளிக்கொண்டு சிக்னலைக் கடந்தோம். உசிலம்பட்டி பஸ் ஒன்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் போய்விடுகிறேன் என்றாள் செல்வி. அது ஊர் ஊராக நின்று போகும், ஐந்து நிமிஷத்தில் சரிபண்ணி நானே பறந்து கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். பஸ் கிளம்பிவிட்டது. அந்த பஸ்ஸின் பின்பக்கம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஒரு மெக்கானிக் கடை அப்போதுதான் திறந்து, சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக்குக் கொஞ்சம் நரைத்த மீசை. ஒரு தடவை உதைத்துப் பார்த்தார், காதைச் சாய்த்துக் கேட்டார், என் முகத்தைப் பார்த்தார்.

"அண்ணே, நேத்து முந்தாநாளு யாராச்சும் கார்புரேட்டர கழட்டுனாங்களா?"

கழற்றியது நான்தான். முந்தின நாள் சாயங்காலம், செல்வி உள்ளறையில் கதவைச் சாத்திப் படித்துக்கொண்டிருந்தபோது, இவ்வளவு தூரம் போகிறோமே என்று செல்போனில் வீடியோ பார்த்துக் கழற்றி, பழைய பனியனால் துடைத்து மாட்டினேன். போன மாதம் மிக்சியைப் பிரித்துப் போட்டுப் பாழாக்கியவன் நான். பரீட்சை முடிகிறவரை வீட்டில் எதிலும் கை வைக்க மாட்டேன் என்று அவளிடம் சத்தியம் செய்திருந்தேன். அவள் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"யாரும் தொடலண்ணே," என்றேன்.

அவர் நம்பினார். நம்பாமல் இருந்திருக்கலாம். அப்படியானால் பிளக்கில்தான் கோளாறு என்று அதைக் கழற்றினார், கரி சுரண்டினார், பிறகு புதுசே போட்டார். நூற்றிருபது ரூபாய். கையை விட்டாலும் அணையாதபடி ஸ்லோ ஸ்குரூவை ஏற்றி வைத்தார். வண்டி கத்திக்கொண்டு நின்றது. செல்வி மணி பார்த்துக்கொண்டே இருந்தாள். 8.21 ஆகியிருந்தது.

விராட்டிபத்து வரை ஓடியது. அச்சம்பத்தில் மறுபடி இருமல். நாகமலைப் புதுக்கோட்டையில் லாரிக்கு வழிவிட்டபோது அணைந்து, பத்து உதைக்குப் பிறகு எடுத்தது. எங்களைத் தாண்டிப் போன பைக்குகளில் எல்லாம் பின்னால் ஒருத்தி உட்கார்ந்து மடியில் பிளாஸ்டிக் கவர் வைத்திருந்தாள். எல்லோரும் அதே பரீட்சைக்குத்தான் போனார்கள்.

8.40. பல்கலைக்கழகத்தைத் தாண்டியதும் ஒரேயடியாக நின்றது. இடப்பக்கம் கருவேலங்காடு, வலப்பக்கம் உழுது போட்ட காடு. செக்கானூரணி இன்னும் எட்டு கிலோமீட்டர். இரண்டு பஸ்ஸுக்குக் கை காட்டினோம், நிற்கவில்லை. ஒரு ஷேர் ஆட்டோவில் கம்பியில் தொங்கக்கூட இடமில்லை.

"நேத்து நான்தான் கழட்டுனேன் செல்வி," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். டூல்ஸ் பெட்டியிலிருந்து ஸ்குரூடிரைவரை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, தன் உள்ளங்கையை விரித்து நீட்டினாள். நான் கழற்றிய திருகாணிகளை ஒவ்வொன்றாக அதில் வைத்தேன். கார்புரேட்டரைச் சாய்த்து அடிக்கிண்ணத்தைத் திறந்தால், பித்தளையில் ஊசிமுனை அளவு துளை வைத்த ஒரு சின்னத் திருகு இருக்கும். அதை ஸ்லோ ஜெட் என்பார்கள். கையை விட்டாலும் வண்டி அணையாமல் இருப்பதற்கான பெட்ரோல் அது வழியாகத்தான் போகிறது. அதன் வாயில் வெள்ளையாக ஒரு நூல், என் பனியன் நூல். நகத்தால் இழுத்தேன், வந்துவிட்டது. வாயால் ஊதினேன், தொண்டையெல்லாம் பெட்ரோல் எரிந்தது.

"காளவாசல்லயே சொல்லிருக்கலாம்ல," என்றாள்.

8.55. முதல் உதையிலேயே எடுத்தது. அந்த எட்டு கிலோமீட்டரை நான் ஓட்டியது போல இனி ஒருநாளும் ஓட்ட மாட்டேன்.

9.04. கதவு பூட்டியிருந்தது. வெளியே பத்துப் பதினைந்து பேர். ஒரு பெண் கைக்குழந்தையோடு கெஞ்சிக்கொண்டிருந்தாள். நான் போலீஸ்காரம்மாவிடம் கும்பிட்டுப் பேசினேன், என் தப்பைச் சொன்னேன், காலில் விழாத குறை. எங்க கையில ஒண்ணும் இல்லைங்கய்யா என்று அந்தம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். செல்வி கதவுப் பக்கமே வரவில்லை. எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வண்டி அங்கே கிடக்கட்டும், இப்ப ஸ்டார்ட் பண்ணாதீங்க என்றாள்.

பன்னிரண்டரைக்குப் பரீட்சை முடிந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். யாரோ ஒரு பெண்ணிடம் செல்வி வினாத்தாளை வாங்கி வந்தாள். அதே பெஞ்சில், கருப்பு மை பேனாவைத் திறந்து, முதல் கேள்வியிலிருந்து இருநூறாவது வரை ஒவ்வொன்றாக டிக் அடித்தாள். இடையில் தலையைத் தூக்கவில்லை. நான் வாங்கிக் கொடுத்த டீ ஆடை படிந்து ஆறியது. மூன்றரை மணிக்கு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, போவோம் என்றாள். ஆனையூர் வரை வண்டி ஒரு சிக்னலில்கூட அணையவில்லை.

அடுத்த வாரம் விடைகள் வெளிவந்தன. செல்வி பார்க்கவில்லை. அவள் தான் வேலை பார்க்கும் கடைக்குப் போயிருந்த நேரம் பீரோவிலிருந்து அந்த வினாத்தாளை எடுத்து நான் சரிபார்த்தேன். இருநூறில் நூற்றெழுபத்தொன்பது சரி. போன தடவை தேர்வானவர்களின் கடைசி மதிப்பெண்ணைவிடப் பதினொன்று கூடுதல்.

மடித்தபடியே திரும்ப வைத்துவிட்டேன். இரண்டு மாதமாகிறது, இதையும் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.