பெடல் மேல் போட்ட பழி

மச்சானின் பழைய டிரம்ஸ் பெடலில் சங்கிலி கிடையாது. இரண்டு விரல் அகலத்தில் ஒரு தோல்வார்தான். பலகையை மிதித்தால் வார் இழுபடும், உருண்டைத் தலை வைத்த கோல் போய் பேஸ் டிரம்மில் மோதும், காலைத் தூக்கினால் ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். சென்னையில் சினிமாவுக்கு வாசித்த ஒருவரிடம் அவர் வாங்கியது. மிதிக்கும்போதெல்லாம் கீச்சென்று ஒரு சத்தம் வரும். பக்கத்தில் கீபோர்டில் நின்ற எனக்கு எந்தப் பாட்டும் அந்தச் சத்தத்தோடுதான் கேட்டது.

அவர் என் மனைவியின் அண்ணன். சின்னசேலத்தில் நாங்கள் நடத்தும் மெல்லிசைக் குழுவுக்கு ஆரம்பத்திலிருந்தே டிரம்மர். அவர் அடி தவறி நான் கேட்டதில்லை. முதலில் தவறியது மலைமேல், வெள்ளிமலையில் ஒரு கல்யாணத்தில். பாடிக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். வேனில் மலை இறங்கும்போது பெடலை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: “வாரு நஞ்சி போச்சிப்பா. நான் ஒண்ணு மிதிச்சா அது ஒண்ணு அடிக்குது.”

வாரை மாற்றினோம். ஸ்பிரிங்கை மாற்றினோம். சங்கிலி வைத்த புதுப் பெடல் ஒன்று வாங்கினோம். “லாரி பிரேக்காட்டம் கீது” என்று அதை ஒதுக்கினார். இப்படியே இரண்டு வருடம் போயிற்று. ஒருநாள் என் மனைவி கேட்டாள்: “அண்ணன் நடக்கறது ஒரு மாதிரியா கீது, பாத்தீங்களா?” வேனில் போய்வந்த அலுப்பு என்று சொல்லிவிட்டேன். பெடல்தான் கெட்டுப்போனது என்று நம்புவது எனக்கு சுலபமாக இருந்தது.

அப்போதுதான் அதே கம்பெனி, அந்தப் பழைய மாடலைத் தோல்வாரோடு அப்படியே திரும்பச் செய்து விற்கிறது என்று போனில் பார்த்தேன். வரவழைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ரிகர்சல் ஷெட்டில் எல்லோர் முன்னாலும் பெட்டியைப் பிரித்தார். வாரை முகர்ந்து பார்த்தார். “அச்சு அசலு அதேதான்” என்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

பாட்டு ஆரம்பித்தது. பல்லவி முடியும்வரை அடி கச்சிதமாக விழுந்தது. பிறகு பேஸ் டிரம் சத்தம் நின்றுபோனது. நான் திரும்பினேன். அவருடைய வலது கால் தாளம் பிசகாமல் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் பாதம் பெடலிலிருந்து நழுவி, பக்கத்தில் சிமெண்ட் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. என்னைப் பார்த்து எரிச்சலோடு, “டிரம் மைக்க ஆஃப் பண்ட்டியா இன்னா?” என்றார்.

பாடுகிற பெண் தலையைக் குனிந்துகொண்டாள். நான்தான் சொல்லவேண்டியிருந்தது.

“மச்சான், காலு தரையில கீது.”

குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். இரண்டு கையாலும் காலைத் தூக்கி பெடல்மேல் வைத்துக்கொண்டு கேட்டார்: “எப்பலேர்ந்து?”

அவர் எதைக் கேட்டார் என்று எனக்குப் புரியவில்லை. “இப்பதான்” என்றேன்.

கள்ளக்குறிச்சி டாக்டர், சர்க்கரை பாதத்தின் உணர்ச்சியைத் தின்றுவிட்டது என்றார். மரமரப்பு இனி காலில் மேலே ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம், போனது வராது. இன்னும் முன்னாடியே அழைத்து வந்திருக்கலாமே என்று டாக்டர் கேட்டபோது, என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. அவள் பார்த்திருந்தால் தேவலை என்று இப்போதும் தோன்றுகிறது.

இப்போது நைனார்பாளையத்து வாத்தியார் ஒருவர் எங்களுக்கு டிரம்ஸ் வாசிக்கிறார். தோல்வார் வைத்த அந்தப் புதுப் பெடல்தான். மச்சான் சில கச்சேரிகளுக்கு வருவார். போன மாதம் ரிஷிவந்தியத்தில் ஒரு வரவேற்புக்கு வந்தவர், மேடையேறி பெடலை மாட்டி, ஸ்பிரிங்கைத் தன் பழைய கணக்குக்கு முறுக்கி வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்து இறங்கினார். வாத்தியார் உட்கார்ந்து ஒருமுறை மிதித்துப் பார்த்தார். இறுக்கமாக இருந்திருக்கும். குனிந்து அதைத் தளர்த்தினார்.

மச்சான் முன் வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நான் முதல் பாட்டை ஆரம்பித்தேன்.